எல்லைக்கு முன்னால் அழித்த பெயர்கள்

சைரன். காலை ஆறு இருபது. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சைரன் முடிவதற்குள் முதல் குண்டு விழுகிறது. சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு தரை எகிறுகிறது.

"பங்கர்! பங்கர்! ஓடு!"

ஓடுகிறேன். ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் லேப்டாப் இருக்கிறது. அதை எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

இது 2006. தெற்கு ஈராக்கில் ஒரு குடிநீர் நிலையம். என் பெயர் நசீர். சொந்த ஊர் கீழக்கரை. வீடு டெக்ஸாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில். மனைவி ஷாஹிதா. ஆறு வயது மகள் ஆயிஷா. நான் சிப்பாய் இல்லை. பம்பு இன்ஜினியர். ஹூஸ்டன் கம்பெனி ஒன்று என்னை ஆறு மாதத்துக்கு அனுப்பியிருந்தது. துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

ஒன்பது குண்டுகள். எண்ணினேன். பங்கருக்குள் செய்ய வேறு வேலை இல்லை. எட்டாவது எங்கள் ஆபீஸ் மேல் விழுந்தது. இரும்பு அலமாரியோடு எரிந்தது. அலமாரிக்குள் பதினொரு கடிதங்கள் இருந்தன.

அந்தக் கடிதங்களைச் சொல்ல வேண்டும்.

எங்களோடு பதினொரு ஈராக்கியர்கள் வேலை செய்தார்கள். மொழிபெயர்ப்பாளர்கள், டிரைவர்கள், ஒரு கணக்குப்பெண். வெளிநாட்டுக்காரனிடம் வேலை செய்வது வெளியே தெரிந்தால் கொன்றுவிடுவார்கள். அதனால் கேம்ப்புக்குள் எல்லாருக்கும் பொய்ப்பெயர். ஸாம். பாப். நான்ஸி. அவர்கள் ஒருவருக்கொருவர்கூட நிஜப்பெயரைச் சொல்லிக்கொண்டதில்லை. வேலைக்கு எடுத்துவிட்ட உள்ளூர் காண்ட்ராக்டர் ஊரைவிட்டே போய்விட்டார். அவரிடம் இருந்த பட்டியலும் போனது.

என்றைக்காவது அமெரிக்காவுக்கு விசா கேட்க வேண்டுமானால், இவர் எங்களிடம் வேலை செய்தார், இவர் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும். ஸாம்தான் முதலில் வந்து கேட்டான். நான் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து எழுதினேன். நிஜப்பெயர். அப்பா பெயர். வீட்டு விலாசம். பிள்ளைகளின் பெயர். ஒரு குடும்பப் போட்டோ. பிரிண்ட் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்னொரு பிரதி என் லேப்டாப்பில்.

"ஈமெயில்ல மட்டும் அனுப்பாதீங்க. இங்கே இன்டர்நெட்டை யார் படிக்கிறாங்கன்னு யாருக்கும் தெரியாது. யார் கண்ணுலயும் பட விடாதீங்க," என்றான் ஸாம். சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்போது அலமாரி சாம்பல். லேப்டாப் மட்டும்தான்.

அன்று பகலிலேயே எங்களைக் கிளப்பிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் குண்டு விழுந்ததுமே கலைந்து போயிருந்தார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. குவைத் எல்லைவரை ஒரு வேன். ஓட்டியது செல்வம், நாகர்கோவில்காரன், குவைத்தில் டிரைவர். பின்சீட்டில் நான் மட்டும்.

பிற்பகல் இரண்டு ஐந்து. எல்லைக்கு நாலு கிலோமீட்டர். முன்னால் வண்டிகள் நிற்கின்றன. யூனிஃபார்ம் போட்ட ஆட்கள். யாருடைய யூனிஃபார்ம் என்று செல்வத்துக்கும் தெரியவில்லை. வண்டியிலிருந்து ஆளை இறக்குகிறார்கள். பையைக் கொட்டுகிறார்கள். லேப்டாப்பைக் காரின் பானெட் மேல் வைத்துத் திறக்கச் சொல்கிறார்கள். ஒருவன் பென் டிரைவைச் செருகுகிறான். காப்பி எடுக்கிறான்.

நாங்கள் ஆறாவது வண்டி.

கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தேன். கன்னத்தில் ஓர் அறை விட்டால் பாஸ்வேர்டு வெளியே வந்துவிடும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சும்மா டெலீட் பண்ணினாலும் போதாது. டெலீட் பண்ணியதைத் திரும்ப எடுக்கலாம். அதன் மேலேயே குப்பையை எழுதி எழுதி அழிக்கிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதற்கு நாலு நிமிஷம் பிடிக்கும். பேட்டரி ஒன்பது சதவீதம்.

ஐந்தாவது வண்டி ஆனோம்.

புரோகிராமை ஓட்டுவதற்கு முன்னால் பெயர்களை மனப்பாடம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோப்பைத் திறந்தேன். முதல் பெயர். அப்பா பெயர். ஊர். கண்ணை மூடி மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது பெயரில் பாதி வாசித்திருப்பேன்.

"அண்ணே! வாறான் அண்ணே! மூடுங்க!"

ஒருவன் வரிசையை விட்டு எங்கள் பக்கம் நடந்து வருகிறான். பட்டனை அமுக்கினேன். லேப்டாப்பை முக்கால்வாசி மூடி, மேலே துண்டைப் போட்டேன். உள்ளே டிஸ்க் கரகரவென்று ஓடுகிறது. செல்வம் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். வந்தவன் டயரைக் காலால் தட்டினான். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். திரும்பிப் போனான்.

எங்கள் முறை வந்தபோது கோப்பு இல்லை. பென் டிரைவ் ஆள் என் குடும்பப் போட்டோக்களைக் காப்பி எடுத்தான். ஆயிஷா முதல் நாள் ஸ்கூலுக்குப் போகிற போட்டோவைப் பார்த்துச் சிரித்தான். எங்களை விட்டுவிட்டான்.

குவைத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றேன். உட்காரவே பயமாக இருந்தது. உட்கார்ந்தால் மூன்று பெயரும் கொட்டிவிடும் போல. காகிதத்தில் எழுதவும் பயம். இன்னும் ஒரு எல்லை இருந்தது.

ஹூஸ்டன் விமான நிலையம். பகல் பதினொன்றரை. பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி என்னைத் தனி அறைக்கு அனுப்புகிறார். எதிர்பார்த்ததுதான். அந்த வருஷங்களில் என் மாதிரிப் பெயர்களுக்கு அந்த அறை பழகிப்போன இடம். லேப்டாப்பைக் கேட்டார்கள். பாஸ்வேர்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து வேறொரு அதிகாரி வந்தார். நரைத்த மீசை. அலுத்துப்போன முகம். குரலை உயர்த்தவில்லை.

முந்தாநாள் பிற்பகல் ஏதோ ஒன்றை அடியோடு அழித்திருக்கிறீர்கள், என்ன அது, என்றார்.

நடந்ததைச் சொன்னேன்.

அப்படியானால் அந்தப் பெயர்களை எழுதுங்கள் என்று காகிதத்தைத் தள்ளினார்.

மூன்று பெயர்கள் நாக்கு நுனியில் இருந்தன. எழுதியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் மோசமான ஆள் இல்லை. ஆனால் காகிதம் எந்த மேஜைக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது. அவர்களைக் கேட்காமல் எழுத மாட்டேன் என்றேன். கேட்பீர்களா என்றார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது என்றேன். எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

ஐந்து மணி நேரம். ஒரு ரசீது கொடுத்து, லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அனுப்பிவிட்டார்கள்.

வெளியே ஷாஹிதா ஆயிஷாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அழுது முடித்த முகம். "ஃபோன் கூடப் பண்ண விடலையாங்க?" என்றாள். பேனா கேட்டேன். காரில் ஏறி, ஃப்ரீவேயில் அவள் ஓட்ட, ஆயிஷாவின் டிராயிங் நோட்டில் மூன்று பெயரையும் எழுதினேன். மூன்றாவது ஆளின் அப்பா பெயர் வரவில்லை.

"வாப்பா, ஹூ ஆர் தே?" என்றாள் ஆயிஷா. ஃப்ரெண்ட்ஸ் என்றேன். பிறகு அழுதேன். மகள் முன்னால் அழுதது அது ஒரு தடவைதான்.

நாலாவது பெயருக்காகப் பல வாரங்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஜே என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். ஜாசிம், ஜமால், ஜாஃபர் என்று எழுதி எழுதிப் பார்த்தேன். எதுவும் அது இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஸாம் கூப்பிட்டான். ஜோர்டானிலிருந்து. என் நம்பர் அவனிடம் மட்டும்தான் இருந்தது. கடிதம் இருக்கிறதா என்றான். அழித்துவிட்டேன் என்றேன். "நல்லதுதான் பண்ணீங்க," என்றான். நான் மனப்பாடம் பண்ணிய மூன்றில் அவன் இல்லை. தன் பெயரை மறுபடி எழுத்துக் கூட்டிச் சொன்னான். மற்றவர்களைக் கேட்டேன். பாப்பைத் தெருவில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்றான். பாப்பின் நிஜப்பெயர் என்ன என்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து லேப்டாப் திரும்பி வந்தது. டிஸ்க் ஓடவில்லை. யார் மேல் தப்பு என்று எனக்குத் தெரியாது.

எழுதி வைக்கிறேன். மறந்துவிடக் கூடாது.

குண்டுகள் ஒன்பது. கடிதங்கள் பதினொன்று. திரும்ப எழுத முடிந்தவை நான்கு. 2009 முடிவதற்குள் அந்த நான்கில் இரண்டு குடும்பங்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தன. ஒன்று டெக்ஸாஸிலேயே, இர்விங்கில் இருக்கிறது. அது ஸாமின் குடும்பம். இன்னொரு குடும்பம் ஜோர்டானில் காத்திருக்கிறது. அப்பா பெயர் இல்லாத கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. கடிதம் இல்லாதவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் இறந்தது தெரியும். ஆறு பேர் உயிரோடு இருக்கிறார்களா, தெரியாது. ஆயிஷாவின் ஆறு வருஷப் போட்டோக்கள் போயின. அந்தப் பதினொரு பேருடைய பிள்ளைகளின் போட்டோக்களும் போயின. அந்தப் பிள்ளைகள் மொத்தம் பத்தொன்பது பேர்.