எப்போ விட்டீங்க?

ஹலோ… ஹலோ மச்சான், நான்தான்… கேக்குதா?… மழை இல்லடா, குழாய்த் தண்ணி. நான்தான் திறந்து விட்டிருக்கேன், பேசறது வெளியே கேக்கக் கூடாதுன்னு… சம்பந்தி வீட்டு பாத்ரூம்ல இருந்து பேசறேன்… வயித்துக்கெல்லாம் ஒண்ணும் இல்ல… ஆமா, தாழ் போட்டுட்டேன்… ஆமா, ஆமா, எல்லாரும் ஹால்லதான் இருக்காங்க. உன் அக்கா, பாப்பா, மாப்பிள்ளை, அவனைப் பெத்தவங்க ரெண்டு பேரு. கல்யாணம் நடக்கறதும் நடக்காததும் இப்ப என் வாயில இருக்கு மச்சான். அதான் வாயை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன். இருபத்தஞ்சு வருஷமா லிஃப்டுல மாட்டினவனையெல்லாம் வெளியே எடுத்து விட்டவன், இப்ப நானே நடுவுல மாட்டிக்கிட்டேன்.

சொல்றேன், இரு… சுருக்கமாத்தான். பாப்பா என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தா? ‘அவங்க வேற ஊரு, வேற பாஷை, ஆனா சாமி விஷயத்துல உங்க ஆளுங்கதாம்ப்பா, மதமே கிடையாது’ன்னா. எனக்கு எப்படி இருக்கும்… ஆமா, தலைகால் புரியல. பேசறதுக்குக் குறிப்பு வேற எழுதி வச்சிருந்தேன்… நாலு பக்கம்தான். உள்ளே நுழைஞ்சதும் சம்பந்தியோட கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, ‘எப்போ விட்டீங்க?’ன்னு கேட்டேன். பாப்பா அதை அப்படியே அவங்க பாஷையில சொன்னா. மனுஷனுக்கு முகம் தொங்கிப் போச்சு. ‘போன வருஷம்தான் விட்டேன், முழுசா விட முடியல, மனசு கேக்காதப்ப பால்கனிக்குப் போய் ஒளிஞ்சு ஒரே ஒண்ணு’ங்கறாரு… சிரிக்காத. நான் அவர் தோளைத் தட்டி, ‘ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் சம்பந்தி, மனசைத் திடமா வச்சுக்கணும்’னு அஞ்சு நிமிஷம் ஆறுதல் சொன்னேன்… ஆமா. சிகரெட். அவரு சிகரெட்டைச் சொல்லியிருக்காரு. அந்தம்மாவுக்கு அதுவரைக்கும் பால்கனி சமாச்சாரமே தெரியாதாம்.

அதைச் சரி பண்ணி, நான் கேட்டது சாமியைன்னு புரிய வச்சா, ‘சாமியை நாங்க விடவே இல்லையே’ங்கறாங்க… கும்பிடறதும் இல்ல. பிடிச்சாத்தானே விடறதுக்கு, அவங்க பிடிக்கவே இல்லையாம். அப்ப கடவுள் இல்லன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்னா, ‘எதுக்குச் சொல்லணும், யாரு கேட்டா?’ங்கறாங்க… ஆமா, ஆமா. அவங்களை யாருமே கேக்கலையாம். நான் இதுக்காக எங்கப்பாகிட்ட விறகுக்கட்டையில அடி வாங்கினவன். இவங்க சோபாவுல சாஞ்சுக்கிட்டே நாத்திகரா ஆயிட்டாங்க. சொல்லக் கூடாது, பொறாமையா இருக்கு.

அப்புறம் நம்ம நாத்திகச் சங்கத்தைப் பத்திச் சொன்னேன்… உனக்கு அலுத்துப் போச்சு, அவங்களுக்குப் புதுசுதானே. ஞாயித்துக்கிழமை தவறாம காலையில பத்து மணிக்குக் கூடுவோம், எழுந்து நின்னு உறுதிமொழி சொல்லுவோம், தலைவர் படத்துக்கு மாலை போட்டு அவர் எழுதினதுல ஒரு பக்கம் வாசிப்போம்னு. அந்தம்மா ரொம்ப மரியாதையா, ‘உங்க மதத்துல கல்யாணம் எப்படிப் பண்ணுவீங்க, எங்களால எதுவும் குத்தம் வந்துடக் கூடாது’ங்குது… நீ சிரிச்சு முடி, நான் இருக்கேன்… ‘மதமே இல்லம்மா, நல்ல நேரம்கூடப் பார்க்க மாட்டோம், காலண்டர்ல கெட்ட நேரம்னு எது போட்டிருக்கோ அதுலதான் வைப்போம்’னேன். ‘அப்ப காலண்டர் பார்ப்பீங்க’ங்குது… தண்ணி குடிச்சேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கல்யாணத்தை அவங்க தெரு முனையில இருக்கற பிரார்த்தனைக் கூடத்துல வைக்கணுமாம்… அதைத்தான் நானும் கேட்டேன், நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அங்க என்ன வேலைன்னு. பாட்டு நல்லா இருக்குமாம். ஜன்னல் பெருசாம், வெளிச்சம் நல்லா விழுமாம்… இதெல்லாம் ஒரு காரணமா? பாப்பா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்கா. வரும்போதே சொல்லிட்டா, ‘இன்னைக்கு நீங்க கெடுத்தீங்கன்னா இனிமே உங்ககூடப் பேச மாட்டேன்’னு. அவ பேச மாட்டேன்னா பேச மாட்டா, என் ரத்தம்.

என்ன?… திருப்பிச் சொல்லு… ‘உள்ள யாரும் இல்லன்னுதானே சொல்றீங்க, அப்புறம் யாருக்குப் பயந்து போக மாட்டேங்கறீங்க’ன்னா கேக்கற?

இரு, கமோட் மூடி மேல உட்கார்ந்துக்கறேன்.

பயம் இல்லடா. எங்கப்பா முடியாமக் கிடந்தப்ப என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ‘எனக்காக ஒரு தடவை கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுட்டு வாடா’ன்னாரு. மாட்டேன்னுட்டேன். அதுக்கப்புறம் என்கிட்ட பேசாமலே போய்ச் சேர்ந்துட்டாரு. பெத்த அப்பனுக்காக மிதிக்காத வாசலை, ஜன்னல் பெருசுன்னு போய் மிதிச்சா அவருக்கு என்ன பதில் சொல்றது?… தெரியும்டா, செத்தவங்க கேக்க மாட்டாங்கன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். ஆனாலும் கஷ்டமா இருக்கு.

இரு, கதவைத் தட்டறாங்க… யாரு, பாப்பாவா?… வரேம்மா… குழாயா? எப்ப நின்னுச்சு?… எதுல இருந்து கேட்டீங்க?… எல்லாருமா?

மச்சான், இருக்கியா?… தொட்டித் தண்ணி தீர்ந்து குழாய் நின்னு ரொம்ப நேரம் ஆச்சாம். பேசினது பூரா வெளியே கேட்டிருக்கு. பாப்பா ஒரு வரி விடாம அவங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கா… ஆமா, அப்பா கதையும்தான். ‘அந்த இடம் அவருக்கு வலிக்கும்னா வேண்டாம், வேற இடம் பார்ப்போம், எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்’னு அந்தம்மா சொல்லுதாம்… அவ்வளவுதான். சண்டையும் இல்ல, சாபமும் இல்ல. சாமி விஷயத்துல எனக்காக விட்டுக்குடுத்த மொத ஆளு மச்சான்… ஆமா, அழறேன்தான். துண்டு யாருதுன்னு தெரியல, தொடைச்சுக்கிட்டேன்.

இல்ல, அங்கேயே வைக்கட்டும்னு இப்பத்தான் பாப்பாகிட்ட சொன்னேன்… ஏன்னா, எங்கப்பா கும்பிடச் சொன்னாரு. இவங்க உட்காரத்தான் சொல்றாங்க, அதுவும் வேண்டாம்னா அவங்களே எழுந்து வேற இடத்துக்கு வரோம்ங்கறாங்க. இதுக்கு மேல நான் வீம்பு பிடிச்சா, நான் எங்கப்பா ஆயிடுவேன்.

தேதி சொல்றேன், முந்தின நாளே வந்துடு. தாய்மாமன் முன் வரிசையில உட்காரணும்… என்ன யோசிக்கணும்?… வாசல்ல நின்னு வாழ்த்தறியா? ஏன்?… வேற சாமி கூடத்துக்குள்ள வந்தா உன் சாமி கோவிச்சுக்குமா?… இப்பத்தானே என்னை அவ்வளவு பெரிய கேள்வி கேட்ட… ஆமா… சரி… ஆமா… டேய், இங்க பாரு, பயப்படாத. உள்ள யாரும் இல்ல. நானும் கூட வரேன், கையைப் பிடிச்சுக்க… ஹலோ?… ஹலோ?