சுவரில் சாய்ந்த கம்புகள்

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க மார்ச் மாதம் ஏற்றதல்ல. ஸ்டாக்ஹோமுக்கு யார் வருவதாகச் சொன்னாலும் ஜூனில் வாருங்கள் என்றுதான் சொல்வேன். இனேஸை மார்ச்சில் வரச் சொன்னவர் என் கணவர் ரூனே. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

ரூனேயின் பாட்டுக்குழு போன வருடம் லிஸ்பனுக்குப் போயிருந்தது. அங்கே இவர்களோடு சேர்ந்து பாடியவள் இனேஸ். ஊர் திரும்பிய பிறகு ரூனே பாத்திரம் கழுவும்போதெல்லாம் முணுமுணுவென்று பாட ஆரம்பித்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என் இடத்தில் யார் இருந்தாலும் எரிந்திருக்கும்.

அவள் வந்த அன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

"குனில்லா, நீ வீட்லதானே இருக்கே? சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் அவளுக்கு ஊரைச் சுத்திக் காட்டேன். பாவம், பனியையே கண்ணால பார்த்ததில்லையாம்."

"எனக்கு ஒரு நாளாவது சுத்திக் காட்டியிருக்கீங்களா?"

"நல்லா கேட்டே போ. இங்கயே பொறந்தவளுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?" என்று சிரித்தார்.

அதுவும் நியாயம்தான்.

நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அரண்மனையில் காவலர்கள் மாறுவதைப் பார்த்தோம். பழைய நகரத்தின் சதுக்கத்தில் ஏலக்காய் ரொட்டியும் காபியும் வாங்கிக் கொடுத்தேன். "வெயிலை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்தபடி பையிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். சாம்பல் நிறம், மணிக்கட்டில் நீலக் கோடு. ரூனேயின் கைக்கு நான் பின்னியவை.

"ரூனே குடுத்தாரு. என்ன கதகதப்பு தெரியுமா? யாரு பின்னினதுன்னு கேட்டேன். வீட்ல சும்மா கிடந்துச்சுன்னாரு."

"ஆமா, சும்மாதான் கிடந்துச்சு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவளை அந்தச் சந்துக்குக் கூட்டிப்போனேன். கூரையிலிருந்து பனிக்கட்டி விழக்கூடிய வீடுகளின் முன்னால் சுவரில் கம்புகளைச் சாய்த்து வைப்பது எங்கள் வழக்கம். நீங்களும் இந்த ஊர்தானே. கம்பைக் கண்டால் சின்னப் பிள்ளைகூட எதிர்ப்பக்கம் போய்விடும். லிஸ்பன்காரிக்கு அது தெரிய நியாயமில்லை.

"இந்த மஞ்சள் சுவர் அழகா இருக்கே. ஒரு போட்டோ எடுங்களேன், ரூனேக்கு அனுப்பலாம். இந்தக் கம்பு எதுக்கு நடுவுல?"

"பெயின்ட் அடிக்கிறவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லி, இரண்டு கம்புகளையும் எடுத்து ஓரமாகக் கிடத்தினேன். "இன்னும் உள்ள போங்க. சுவரை ஒட்டி நில்லுங்க."

முதல் படம் நன்றாக வந்தது. அதை அப்போதே ரூனேக்கு அனுப்பினேன். பிறகு வேறு வேறு மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னுமா? கழுத்துல தண்ணி சொட்டுது, குனில்லா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. அசையாதீங்க."

நல்ல பெண். அசையவில்லை.

பனிக்கட்டி விழுந்த பிறகு அவள் பேசவில்லை. கையுறைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். கம்புகளைப் பழையபடி சுவரில் சாய்த்தேன். அந்தப் பக்கம் வருகிற வேறு யாருக்காவது அடிபட்டால் என்ன ஆவது? எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துப் பழகியவள் நான். அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.

கம்பைக் கண்டும் விவரம் தெரியாமல் போய் நின்றுவிட்டாள் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். நான் அனுப்பிய படத்தில் கம்பு இல்லை. நீங்கள் வந்தபோது இருந்தது. அந்தப் படத்தை ரூனேயே உங்களிடம் கொண்டுவந்து காட்டினார் என்கிறீர்கள். அவர் எப்போதும் அப்படித்தான், எதையும் ஒளிக்கத் தெரியாது.

எழுதிக்கொள்ளுங்கள். கம்புகளை எடுத்தது நான். பனிக்கட்டி விழும்வரை அவளை அங்கேயே நிறுத்தி வைத்ததும் நான். விழும் என்று தெரிந்துதான் நிறுத்தினேன்.

கையுறைகள் என் கோட்டுப் பையில் இருக்கின்றன. பச்சைத் தண்ணீரில் அலசினேன், கறை போய்விட்டது. வாசலில் ரூனே எனக்காகக் காத்திருப்பார். கை விறைத்துப் போயிருக்கும், அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாசலில் யாரும் இல்லையா? காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்.