பதினேழாம் நம்பர் பனியன்

— வண்டிய வாசலுக்குக் கொண்டு வராத ஜெஸ்வினு. அங்கிட்டே, மாட்டுக் கொட்டாய் பக்கம் நிறுத்து. அம்மா இப்பதான் கண்ணசந்துச்சு. அந்தச் சத்தம் காதுல விழுந்தா எந்திரிச்சு உக்காந்து ஒப்பாரி வைக்கும்.

— தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன் சிவரஞ்சனிக்கா. ரோட்டு முனையிலயே ஆஃப் பண்ணிட்டேன்.

— ரொம்ப நல்ல மனசு. என் தம்பி கோபி செத்து முப்பதாம் நாளு முந்தாநேத்து முடிஞ்சு போச்சு. காரியத்துக்கு ஊரே வந்துச்சு. கூடவே ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச நீ வரல. இன்னைக்கு வந்து நிக்கிற, அதுவும் எதுல? அவன் செத்த அதே ஜல்லிக்கட்டுல பரிசா வாங்குன வண்டியில. எப்புடிறா ஒனக்கு மனசு வந்துச்சு?

— தெனமும் கெளம்புறேன்க்கா. பாதி வழியில திரும்பிப் போயிடுறேன்.

— ஏன், வண்டி ஓட்டத் தெரியலையா? எட்டாப்புலேருந்து இந்த வண்டி வண்டின்னு உசுர விட்டவனாச்சே. கருப்புல, முந்நூத்தம்பது சிசி, டப்பு டப்புன்னு சத்தம் வரணும். நோட்டு அட்டை பூராம் அதோட படந்தான். எங்க வீட்டுச் செவுத்துல கூட கரிக்கட்டையில வரைஞ்சுட்டு எங்கிட்ட அடி வாங்குனியே.

— அடி நான் வாங்கல. கோபிதான் வாங்குனான். நான் வரைஞ்சேன்னு கடைசி வரைக்கும் அவன் சொல்லவே இல்ல.

— ம். அப்பவும் அவன்தானா.

— திட்டுங்கக்கா. நல்லா திட்டுங்க.

— திட்டி என்னடா ஆகப்போகுது? சந்தோசமா ஓட்டு. எம்புட்டு தூரம் ஓட்டுன? நார்த்தாமலைக்குப் போயி மலை மேல ஏறி நின்னு ரெண்டு பேரும் போட்டோ எடுக்கணும்னு பேசிக்கிட்டே இருப்பீங்களே.

— மீட்டர்ல பதினெட்டு கிலோமீட்டருதான் இருக்கு. ஆவூரு மாதா கோயிலுக்கு ஒரு தடவ கொண்டு போனேன், மந்திரிக்க. சாமியாரு உள்ளேருந்து தண்ணிய எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.

— ஏன்?

— உள்ள போறப்ப அவரு 'யாரு வண்டி?'ன்னு கேட்டாரு.

— இதுல என்ன கேள்வி, ஒன் வண்டிதான? நீதான மாடு புடிச்ச? மேடையில மாலையப் போட்டு சாவியக் குடுத்தது ஒனக்குத்தான? எல்லா போனுலயும் ஒன் மூஞ்சிதான சுத்திக்கிட்டு இருக்கு.

— இந்த வண்டிக்கு நான் படாத பாடு இல்லக்கா. திருப்பூர்ல ரெண்டு வருசம் சாயப் பட்டறையில கெடந்தேன். சேத்ததெல்லாம் அம்மா ஆபரேசனுக்குப் போச்சு. போகட்டும், அம்மா பொழைச்சுச்சு. அப்பறம் லோனு போடலாம்னு போனா சம்பள சிலிப்பு கேட்டாய்ங்க. கொத்து வேலை பாக்குறவனுக்கு யாரு சிலிப்பு குடுப்பா? ஷோரூம்ல இருக்குற பையன் என்னையக் கண்டாலே, 'என்னண்ணே, இன்னைக்கும் பாத்துட்டுப் போகத்தானா'ம்பான். சிரிச்சிக்கிட்டே வெளிய வந்துடுவேன். வெளிய கோபி நிப்பான். 'விட்றா, வராமலா போயிடும்'பான்.

— அந்த நேரத்துலதான் போஸ்டர் ஒட்டுனாய்ங்க.

— ஆமா. சிறந்த மாடுபிடி வீரருக்கு மொத பரிசு இதே வண்டி, இதே கருப்பு. கோபிதான் போன்ல படம் புடிச்சு அனுப்புனான். 'டேய், ஒனக்குன்னே வச்சிருக்காய்ங்கடா'ன்னான்.

— அவன் பேரு குடுத்தானா?

— இல்ல. 'அக்காவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன், நான் உள்ள எறங்கமாட்டேன், நீ எறங்கு, நான் வெளிய நின்னு தண்ணி குடுக்குறேன்'னான்.

— மூணு வருசத்துக்கு முன்னாடி தொடையில குத்து வாங்கிட்டு ரெண்டு மாசம் கெடந்தான். எல்லாத்தையும் நாந்தான் அள்ளிப் போட்டேன். என் தலையில கைய வைக்கச் சொல்லி வாங்குன சத்தியம் அது. மீற மாட்டான்னுதான் நம்புனேன். அப்பறம் எப்புடிறா செத்தான்?

— அக்கா...

— பேப்பர்ல என்ன போட்டாய்ங்க, படிச்சியா? 'மாடு முட்டி பார்வையாளர் பலி.' பார்வையாளர்! பத்து வயசுலேருந்து கன்னுக்குட்டியோட பொரண்டு வளந்தவன் பார்வையாளராம். ஊருக்குள்ள அதுக்கும் மேல. குடிச்சிட்டு தடுப்புலேருந்து தவறி விழுந்துட்டான்கிறாய்ங்க. அப்பாகிட்டயே ஒருத்தன், 'கொஞ்சம் கண்டிச்சு வளத்துருக்கலாம்ணே'ன்னு சொல்லிட்டான். அன்னையிலேருந்து அவரு டீக்கடைக்குப் போறதில்ல. மனுசன் வெளிய தலை காட்டல.

— கோபி குடிக்க மாட்டான்க்கா.

— அத எங்கிட்ட சொல்லு! எனக்குத் தெரியாதா? ஊருல சொன்னியா? முப்பது நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சரி, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குக் காலையில நாந்தான் நீலச் சட்டையத் தேய்ச்சுக் குடுத்தேன். ஆஸ்பத்திரியில வெறும் ஒடம்போட கெடந்தான். சட்ட எங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ஒனக்குத் தெரியுமா?

— எங்கிட்டதான் இருக்கு. இந்தாங்க, கவர்ல கொண்டாந்துருக்கேன். தொவைக்கல. அப்புடியேதான் இருக்கு.

— குடு. ...ஏன்டா, இதுல ஒரு பொட்டு ரத்தம் இல்லையே. ஒரு கிழிசல் இல்ல. வயித்துல அம்புட்டு ஆழத்துக்குக் குத்திருக்கு, சட்டைக்கு ஒண்ணுமே ஆகலையா?

— அப்ப அவன் சட்ட போடல.

— பின்ன என்னத்தப் போட்டுருந்தான்?

— என் பனியன. பதினேழாம் நம்பரு.

— என்னது?

— மாதா மேல சத்தியமா எல்லாத்தையும் சொல்லிடுறேன்க்கா. அதுக்குத்தான் வந்தேன். மொத சுத்துல நான் ஏழு மாடு புடிச்சேன். அது நெசம். ஏழாவது மாட்டுல ஒரு பக்கத் தோளு எறங்கிப் போச்சு. கடைசி சுத்துக்குக் கூப்புடுறாய்ங்க, அந்தக் கைய இடுப்புக்கு மேல தூக்க முடியல. எனக்கு அடுத்து இருந்தவன் ஆறு மாடு. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். தடுப்புக்குப் பின்னாடி உக்காந்து அழுதுட்டேன்.

— அழுதியா?

— சின்னப் புள்ள மாதிரி. வண்டி மேடையில நிக்கிது, மாலை போட்டு. நான் இருக்குற எடத்துலேருந்து தெரியுது. அதப் பாத்துக்கிட்டே அழுதேன். கோபி என்னையப் பாத்தான், வண்டியப் பாத்தான். அப்பறம் சட்டையக் கழட்டி என் மடியில போட்டுட்டு, 'பனியனக் குடுறா'ன்னான்.

— குடுத்துட்டியா?

— குடுத்துட்டேன். நம்பரு பனியன் போட்டவன மட்டுந்தான் உள்ள விடுவாய்ங்க. ரெண்டு பேரும் ஒரே உசரம். மூஞ்சி பூராம் புழுதி. ஒருத்தரும் உத்துப் பாக்கல.

— என் தலையில வச்ச சத்தியம் அவனுக்கு ஞாபகம் வரலையா?

— எனக்கு வந்துச்சுக்கா. பனியனக் கழட்டுறப்பவே எனக்கு வந்துச்சு. நான் வாயத் தொறக்கல.

— அடப்பாவி.

— ஆமா. பாவிதான்.

— எத்தனை புடிச்சான்?

— நாலு மாடு. அவன் புடிச்ச புடி இருக்கே, நானெல்லாம் அப்புடிப் புடிக்க முடியாது. மைக்குல 'பதினேழு, பதினேழு'ன்னு கத்துறாய்ங்க. அம்புட்டுக் கூட்டமும் விசிலடிக்குது. எல்லாம் அவனுக்கு விழுந்த விசிலு. என் நம்பருக்குப் போயிருச்சு.

— நாலு மாடா... மூணு வருசம் தொடாம இருந்தும் நாலு மாடா?

— கடைசியா ஒரு செவலை வந்துச்சு. திமில்ல கை போட்டான், வழுக்கிருச்சு. ஓடிப் போன மாடு கடைசி வளைவுல திரும்பி வந்து குத்திருச்சு. நாந்தான் தடுப்புக்கு அடியில கைய விட்டு இழுத்தேன். அதோட நேரம் முடிஞ்சுருச்சு. கூட்டம் பூராம் மேடைப் பக்கம் ஓடுது. எங்க ரெண்டு பேரயும் ஒருத்தரும் பாக்கல.

— அப்பறம்?

— பனியனக் கழட்டி நான் மாட்டிக்கிட்டேன்.

— குத்துப்பட்டுக் கெடந்தவன் மேலேருந்தா? உருவுனியா?

— ஆமாக்கா.

— போட்டோவுல பாத்தேன்டா. நெஞ்சுலேருந்து வயிறு வரைக்கும் செவப்பா இருந்துச்சு. ஒனக்கும் அடி போலன்னு அம்மாகிட்ட சொல்லி வருத்தப்பட்டேன்டா நானு.

— மைக்குல ஒருத்தரு, 'பாருங்க, ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கிறான் பாருங்க நம்ம மண்ணோட வீரன்'னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. மாலை, சாவி, போட்டோ, கமிட்டிக்காரங்க சால்வை. கால் மணி நேரம் ஆயிருச்சு. நான் திரும்பி ஓடி வர்றப்ப கூட்டமா நின்னாங்க, அப்பதான் யாரோ ஆம்புலன்சு வண்டியக் கூப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. வெத்து ஒடம்போட தடுப்புக்கு வெளிய கெடந்ததால, வேடிக்கை பாக்க வந்த ஆளுன்னு எழுதிட்டாய்ங்க. நான் இல்லன்னு சொல்லல.

— சொன்னா சாவியப் புடுங்கிக்குவாய்ங்க.

— ஆமா.

— போதும். என் தம்பி நாலு மாடு புடிச்சிருக்கான். அவன் குடிகாரன் இல்ல. தவறி விழுகல. உள்ள எறங்கி, நின்னு, நாலு மாடு புடிச்சிட்டுத்தான் செத்துருக்கான். இத நீ எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது ஜெஸ்வினு. எழுதிக் குடுக்கணும். ஸ்டேசன்ல, கமிட்டியில, எல்லாத்துலயும். பார்வையாளர்னு போட்டவன் வீரர்னு திருத்திப் போடணும்.

— எழுதியே கொண்டாந்துருக்கேன். பாருங்க, கையெழுத்து போட்டுருக்கேன். இங்கேருந்து நேரா கமிட்டிக்காரங்ககிட்டப் போயி வண்டிய விட்டுட்டு, ஸ்டேசனுக்குப் போறேன். ஆள் மாறாட்டம்னு கேஸ் போடுவாய்ங்க. போடட்டும். இனிமே எந்த வாடிவாசல்லயும் என்னைய எறங்க விடமாட்டாய்ங்க. நான் எறங்கவும் மாட்டேன்.

— ஒங்கம்மாட்ட சொல்லிட்டியா?

— இல்ல. சொன்னா விடாது.

— பத்து வருசமா கேட்ட வண்டிடா. பதினெட்டு கிலோமீட்டரோட குடுக்கப் போற.

— எனக்கு வேணாம்க்கா. ஏறி உக்காந்தா பின்னாடி அவன் உக்காந்த மாதிரியே இருக்கு. சீட்டு அமுங்குது. திரும்பிப் பாக்கவே பயமா இருக்கு.

— சரி, அழுகாத. நீயும் எலும்பா போயிட்ட. எம்மேல சத்தியத்த மீறுனான்னு அவன் மேல எனக்குக் கோவமா வருது, ஆனா அவன் அப்புடித்தான். ஒருத்தன் அழுதா பாத்துக்கிட்டு நிக்க மாட்டான். இந்தா, தண்ணி குடி. அப்பா வயலுலேருந்து வந்ததும் இந்தக் காயிதத்த அவருட்ட நானே படிச்சுக் காட்டுறேன். மனுசன் நாளைக்கு டீக்கடைக்குப் போகட்டும். நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போகட்டும்.

— உங்க கால்ல விழுகுறேன்க்கா.

— அதெல்லாம் ஒண்ணும் வேணாம், எந்திரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கடைசியா அவன் எதாச்சும் பேசுனானா? எங்களப் பத்தி, அம்மாவப் பத்தி, எதாச்சும்?

— பேசுனான்க்கா. அத மட்டுந்தான் முப்பது நாளா புடிச்சிக்கிட்டு இருக்கேன். அது இல்லாட்டி இந்நேரம் நான் கெணத்துல விழுந்துருப்பேன். எம்மேல அவனுக்குக் கோவமே இல்லக்கா. அந்த நெலமையிலயும் எனக்காகத்தான் பேசுனான்.

— என்ன சொன்னான்?

— வயித்தப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையால என் கையப் புடிச்சுக்கிட்டான். 'வண்டிடா... வண்டி...'ன்னான். மைக்குல பதினேழாம் நம்பர மேடைக்கு வரச் சொல்லிக் கத்திக்கிட்டு இருக்காய்ங்க, சரியா கேக்கல. காதக் கிட்ட கொண்டு போனேன். 'சீக்கிரம் வண்டியக் கூப்புடுறா'ன்னான். அவனே சொல்லிட்டானேன்னுதான்க்கா பனியன மாட்டிக்கிட்டு மேடைக்கு ஓடுனேன். சாகுறப்ப கூட, அந்த பைக்கு என் கைக்கு வந்துரணும்னு நெனச்சிருக்கான் பாருங்க.

— பைக்க யாராச்சும் கூப்புடுவாங்களா ஜெஸ்வினு?