எந்தப் பொடிண்ணே?

கரண்டு வர வரைக்கும் சொல்றேன். கிட்ட வந்து ஒக்காருங்க. நடுவுல எவனும் பேசக் கூடாது.

பகல் பன்னண்டு மணி. ராத்திரி இல்ல... பகல். பேய் இருட்டுலதான் வரும்னு சொன்னவன் எவனோ, அவன் நம்ம பக்கம் வந்ததில்ல.

வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரம் போற ரோடு. ரெண்டு பக்கமும் மரவள்ளி. ஆளு கிடையாது. எல கூட ஆடல. இருசப்பன் மொபெட்ல போய்க்கினு இருந்தான். என் கூட்டாளி நாராயணசாமியோட தங்கச்சி புருஷன். ஜவ்வரிசி மில்லுல மேஸ்திரி.

ரோட்டோரமா ஒரு பொம்பள. தலைல வெள்ளச் சாக்கு. மொகத்த முந்தானையால மூடிக்கினு நின்னுது. வண்டி கிட்ட வந்ததும் கேட்டுது.

"எந்தப் பொடிண்ணே?"

அவ்ளோதான். வண்டியோட போய் மரவள்ளில உழுந்தான். மூக்குல ப்ளீச்சிங் நாத்தம்... தொண்ட எரியுது. எழுந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. தார் ரோட்ல வெள்ளையா ரெண்டு காலடி. வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல.

ஏன் உழுந்தான்? அந்தக் கொரல் அவனுக்குத் தெரியும்.

போன பங்குனில அந்த மில்லுல ஆசிட் கேன் சரிஞ்சி ஒடஞ்சிது. தரையெல்லாம் நொர கக்குது. ஆசிட் மேல சுண்ணாம்புப் பொடி போடுவாங்க, அது அங்க வழக்கம். ஆனா அந்த மில்லுல சுண்ணாம்புக்கும் பொடின்னு பேரு, ப்ளீச்சிங்குக்கும் பொடின்னு பேரு. ரெண்டும் ஒரே மாதிரி சாக்கு, ஒரே மூலை. எவனும் பேர் எழுதி வைக்கல. டவுன்லேருந்து ஒரு ஆபீசர் வந்து தலபாடா அடிச்சிக்கினு சொல்லிட்டுத்தான் போனான்... சரக்கு கொட்டுனா மொதல்ல எல்லாரும் வெளிய போ, காத்து வர பக்கமா நில்லு, இன்னா சரக்குன்னு தெரியாம மேல எதையும் போடாத. பேண்ட்டு போட்டவன் பேச்ச நான் நம்புறதில்ல. ஆனா அந்த ஆபீசர் சொன்னது ஒண்ணு மட்டும் நெசம்.

லோடு ஏத்துற சின்னதுரை அதையேதான் கத்துனான், வெளிய வாங்கடான்னு. வேலைய கெடுக்குறியான்னு இருசப்பன் அவன நெஞ்சுலயே உதச்சான். அப்புறம் மாவு காய வைக்கிற காசியம்மாளப் பாத்து, பொடி கொட்டுன்னான். அது சாக்கத் தூக்கிக்கினு வந்து நின்னுது.

"எந்தப் பொடிண்ணே?"

"எதுனா கொட்டுடி."

கொட்டுச்சி.

கொட்டுனது ப்ளீச்சிங். ஆசிட்ல பட்டதும் பச்சையும் மஞ்சளுமா விஷப் பொக. மேல போகல... தரையோட பரவி முழங்கால் அளவு நின்னுது. உழுந்தவன் எழுந்திருக்கல, மத்தவன் அவன் மேலயே மிதிச்சிக்கினு ஓடுறான். வாசல்ல ஒருத்தன் கைய ஒருத்தன் கடிக்கிறான். வாயில ரத்தமும் நொரையும். சின்னதுரை ஆறு பேர இழுத்துப் போட்டான். ஏழாவது ஆளுக்குத் திரும்புறதுக்குள்ள, பொக வெளிய வருதுன்னு இருசப்பன் ஷட்டர எறக்கிட்டான். கடப்பாறையோட குறுக்க நின்னுக்கினான். தொறக்கப் போன சின்னதுரைக்கு மணிக்கட்டு ஒடஞ்சிது.

உள்ள காசியம்மா. டம்... டம்... அப்புறம் நகத்தால கீறுற சத்தம். அப்புறம் அதுவும் இல்ல.

உள்ள ஆளு இருந்தது தெரியாதுன்னு இருசப்பன் சொன்னான். போலீசுக்காரங்க அப்படியே எழுதிக்கினு போனாங்க. லோடுமேன் சொன்னத எவன் எழுதுவான்?

ரோட்ல உழுந்ததுக்கு அப்புறம் இருசப்பன் வூட்ட உட்டு வெளிய வரல. எட்டாம் நாள், அதே பன்னண்டு மணி. பொண்டாட்டி பாப்பாத்தி வாசல்ல துணி ஒணத்திக்கினு இருந்துது. உள்ள அவன் யாருக்கோ பதில் சொல்ற மாதிரி கேட்டுது.

"சுண்ணாம்பும்மா... சுண்ணாம்புப் பொடி... சுண்ணாம்பு..."

திரும்பத் திரும்ப அதேதான். அப்புறம் கதவு இடிக்கிற சத்தம், உள்ளேருந்து. டம்... டம்... பாப்பாத்தி வெளியேருந்து தள்ளுது, அசையல. அது போட்ட கூச்சல்ல நானும் நாராயணசாமியும் ஓடனோம். கடப்பாறை போட்டுத்தான் பேத்தோம். பேத்துட்டுப் பாத்தா... தாப்பா போடவே இல்ல. கதவு உள்பக்கம் பூரா ரத்தக் கீறல். அவன் வெரல்ல ஒரு நகம் கூட இல்ல.

டாக்டர் மாரடைப்புன்னான். நம்புறவன் நம்பட்டும். பொணத்தக் குளுப்பாட்டுனது நான். வாய ஒருத்தரும் தொறந்து பாக்கல, நான் தொறந்தேன். தொண்டக்குழி வரைக்கும் கெட்டிச்சிக் கெடந்துது, வெள்ளையா.

எந்தப் பொடின்னு நான் மோந்து பாக்கல.