ஐநூறு வேண்டுதல் ரொட்டி

விலை கேட்கிறவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை, மேடம். பாதிப் பேர் "பொறவு சொல்லுதேன்" என்று போய்விடுவார்கள். நான் அப்படிப் போக விடமாட்டேன். எதற்காகத் தயங்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தத் தடையை நானே எடுத்துவிடுவேன். வீட்டு மாடியில் ஒற்றை ஓவனோடு ஆரம்பித்த கிருபை பேக்கரி, இன்று தூத்துக்குடியில் கடையாக நிற்பது அதனால்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

அந்தோணியம்மாள் அக்கா வந்தபோது கடையில் கூட்டமில்லை. அவர் மகள் பிலோமி, வீட்டுக்குப் பிடிக்காத ஒரு பையனோடு போய்விட்டிருந்தாள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

"ஏளா கிருபை, எம் மவ வீடு வந்து சேந்துட்டான்னா அந்தோணியாருக்கு ஐநூறு ரொட்டி வைக்கேன்னு நேந்திருக்கேன். என்ன வெல வரும்?"

சொன்னேன். "எப்பம் வேணும்க்கா?"

"அவ வரட்டும்ளா. வந்தாத்தான ரொட்டி," என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெற்றவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா?

வேண்டுதல் ரொட்டியில் இதுதான் சங்கடம். புனிதர் மனசு வைத்தால்தான் நமக்கு ஆர்டர். பல பேருக்கு அவர் வைப்பதே இல்லை.

அதே வாரம் பிலோமியே எனக்கு போன் செய்தாள். பதிவுத் திருமணம் முடிந்து, வேம்பாரில் ஒரு மாடி அறையில் இருக்கிறார்களாம். அவன் உப்பளத்து வேலை முடிந்து வருவதற்குள் ஒரு சின்னக் கேக் வேண்டுமாம்.

"ஒங்க கேக்கு இல்லாம எனக்கு எந்த விசேஷம் நடந்திருக்கு, சொல்லுங்கக்கா? வீட்ல மட்டும் சொல்லிராதீங்க."

உண்மைதான். சின்ன வயதில் கோயிலில் அவள் முதல்முதலாக நன்மை வாங்கிய நாளுக்கு, புதுநன்மைக் கேக்கையும் நான்தான் செய்தேன். முகவரி கேட்டேன். முகவரி இல்லாமல் கேக் எப்படிப் போகும்?

ஒரே வீட்டிலிருந்து இரண்டு என்கொயரி. ஒன்றுக்கான பதில் மற்றதில் இருந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந் தம்பிய அனுப்புதேன். பையப் பேசிக் கூட்டியாந்துருவான்."

தம்பி பெனிஸ்டன் காரில் வந்தார். "எம் மூஞ்சியப் பாத்தா கதவத் தொறக்க மாட்டாளே," என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அங்கேதானே போகிறார் என்று கேக்கை அவரிடமே கொடுத்தேன். ஆட்டோ செலவும் மிச்சம். முன் சீட்டில் சாக்கு சுற்றிய அரிவாள் கிடந்தது, பிடி வெளியே தெரிந்தது. டப்பா அதன்மேல் சாய்ந்தால் கிரீம் நசுங்கிவிடும், அதைக் கீழே வைத்துவிடுங்கள் என்றேன். வைத்தார். தன்மையான மனிதர்.

அரிவாள் எதற்கென்று தெரியுமா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். பயமுறுத்தத்தான் எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வேம்பாரில் இறங்கியதும் அவர் எனக்கு போன் செய்தார். பிலோமி போனில் நீங்கள் பார்த்த கடைசி மெசேஜ் நான் அனுப்பியதுதான். 'கேக்கு கீழ வந்துட்டு. கதவத் தொறம்மா.' யாரும் மிரட்டி அனுப்பச் சொல்லவில்லை. உடனே பார்த்தாள். ஒரு இதயம் போட்டாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். கையில் மாவு இருந்தது, எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் போன் அதிர்ந்தால் மாவுக் கையோடு ஓடுகிறேன். யாராவது மக்ரூன் விலை கேட்டிருப்பார்கள். சில நாள் ஓவனுக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வருகிறது. திறந்தால் ரொட்டிதான் இருக்கும். பயமாக இருக்கிறது, மேடம். கடையில் தனியாக நிற்க முடியவில்லை.

கேக் போன மறுநாள் பிலோமியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸில்தான். அடக்கம் முடிந்து செவ்வாய்க்கிழமை வந்தது; அந்தோணியார் கோயிலில் ரொட்டி வைக்கிற நாள். அக்காவுக்கு நானே மெசேஜ் போட்டேன்.

'மக வீடு வந்து சேந்துட்டால்லா. ரொட்டி போட்டுரட்டாக்கா?'

பார்த்துவிட்டார். இன்னும் பதில் இல்லை. ஆனால், வேண்டாம் என்று சொல்லவில்லை, மேடம்.