இதுக்கு மேல என்ன மாத்தணும் அத்தை

இல்ல அத்தை, ஸ்கிரீன் வேண்டாம். மாத்தணும்னு யாரு சொன்னா? யூடியூப்ல லேப்டாப் பத்திப் பேசறானே, அந்த வீடியோக்காரனா? அவன் பேச்ச கேட்டா இந்த லேப்டாப்புல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் மட்டும்தான் பழசுன்னு மிஞ்சும். ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல, நல்லா இருக்கற ஸ்கிரீன். மங்கலா தெரியுதுன்னா முதல்ல உங்க கண்ணாடிய கழட்டி குடுங்க. ம். இப்ப போட்டுப் பாருங்க. தெரியுதா? அவ்வளவுதான்.

சிரிச்சு மேஜைய ஆட்டாதீங்க. அந்தக் கிண்ணத்துல இருக்கறதெல்லாம் இதோட ஸ்குரூ. ஒண்ணு உருண்டு போனாலும் உங்களத்தான் கட்டிலுக்கு அடியில அனுப்புவேன்.

கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் முதல்ல கேக்கறது, இத வச்சு என்ன செய்யப் போறீங்கன்னு. பாதிப் பேரு முழிப்பாங்க. நீங்க மட்டும்தான் டக்குனு சொன்னீங்க, பசங்களுக்குக் கணக்கு கிளாஸ் எடுக்கப் போறேன்னு. மாமியாருங்கறதுக்காக சொல்லல, நல்ல கஸ்டமர் நீங்க. என்ன, பக்கத்துலயே நாற்காலிய போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் விளக்கம் கேப்பீங்க. முப்பது வருஷம் வாத்தியாரம்மாவா இருந்த பழக்கம், எங்க போகும்.

பிராசசரா? அதெல்லாம் மாத்த முடியாது. போர்டோட சேத்து பத்த வச்சிருக்கான். அத மாத்தறதுக்கு வேற லேப்டாப்பே வாங்கிடலாம். உங்க புள்ளய மாத்தவான்னு நான் கேட்டேனா? இருக்கறத வச்சு ஓட்டறேன்ல.

மெமரி போட்டாச்சு. கரும்பலகைன்னு வச்சுக்கோங்களேன். பலகை சின்னதா இருந்தா பாதி கணக்குலயே மேல எழுதினத அழிச்சுட்டு எழுதணும். இப்ப பெரிய பலகை. இதுக்கு மேல பெருசு வேண்டாம், நீங்க என்ன ராக்கெட்டா விடப் போறீங்க. ஹார்ட் டிஸ்க்க தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டேன் பாருங்க, அதுதான் அடிச்ச ஜாக்பாட். முன்னாடி ஆன் பண்ணிட்டு நீங்க போயி குளிச்சுட்டு வருவீங்க. இப்ப பட்டன்ல இருந்து கைய எடுக்கறதுக்குள்ள வந்து நிக்குது.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, இது மெதுவானதுக்குப் பாதிக் காரணம் நீங்க. ஃபேன கழட்டினா உள்ள ஒரே மாவு. அடுப்படி மேடையில வச்சுப் பாத்தா அதுவும் பாவம் என்ன செய்யும், இழுக்கற மூச்சோட சேத்து இழுத்துக்கிச்சு. அது போதாதுன்னு தூசி படக்கூடாதுன்னு பூ போட்ட துணிய வேற போத்தி விட்டிருக்கீங்க. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே. ஆமா, பாசம்தான். மூச்சு முட்டற பாசம். சூடானா அதுக்கு ஒண்ணும் காதுல ஏறாது, அப்படியே உங்க புள்ள.

மைக்கா? அது எதுக்கு, உள்ளேயே ஒண்ணு... அட. அதுவும் சரிதான். பசங்களுக்கு உங்க முகத்த விட குரல்தான் முக்கியம். சரி, மைக் தனியா வாங்கிடலாம். ஒத்துக்கறேன், இது எனக்குத் தோணல. உடனே தலைய ஆட்டாதீங்க.

கிளாஸ இங்க நம்ம வீட்டுலயே எடுத்துடலாமேன்னு நானும் யோசிக்காம இல்ல. நீங்க அன்னிக்கு ஹால்ல உக்காந்து பின்னம் நடத்தினப்ப பின்னாடி உங்க புள்ள துண்டோட குறுக்க போனாரே, பசங்க அந்தப் பக்கம் கொல்லுனு சிரிச்சுதுங்க. இருக்கறதே ரெண்டு ரூமு. நீங்க போயி தங்கப் போற உங்க சிநேகிதி வீட்டு மாடி மாதிரி வருமா. அவங்க இங்கிலீஷ், நீங்க கணக்கு, கதவ சாத்தினா ஸ்கூல். அவரு கெடக்கறார். இந்த வயசுல ஊரு விட்டு ஊரு எதுக்குன்னு ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்குவார், மூணாம் நாள் அவரே உங்க பெட்டிய தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்.

இன்னும் என்ன பாக்கின்னா... கீபோர்டுல அந்த ரெண்டாம் நம்பர் கொஞ்சம் அழுத்தமா இருக்கோ? இல்லையா? கீல் லூசா இருக்கற மாதிரி பட்டுச்சு. நேத்து பாத்தேனா? பாத்துட்டேனா. சரி. கீழ நாலு ரப்பர் கால் இருக்கே, அதுல ஒண்ணு தேஞ்சிருக்கு, அத மாத்திட்டா மேஜையில ஆடாது. வேண்டாமா. ஆடினா ஆடட்டுமா.

பேட்டரிதான் அத்தை. பழசு உப்பிப் போயிருந்துச்சு, அத அப்பவே எடுத்துட்டேன். அது இல்லாம நீங்க அங்க போயி, கரண்ட் போச்சுன்னா பாதி கணக்குல பசங்க அந்தரத்துல நிக்கும். அத மாத்தாம உங்கள அனுப்ப மாட்டேன். ஆர்டர் பண்ணியிருக்கு. வரும். வந்துக்கிட்டே இருக்கு.

மறுபடியும் போன் பண்ணாங்களா உங்க சிநேகிதி? ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சாமா. ம். பசங்க கூட சேந்தாச்சா. நல்லது.

என்னது, உங்க புள்ளய விட்டு வேற கடையில வாங்கிட்டு வரச் சொல்றீங்களா? ஐயோ, வேண்டாம். அவருக்கு பேட்டரின்னா டார்ச் லைட்டுக்குப் போடறதுதான். வேண்டாம் அத்தை. சொன்னா கேளுங்க. போனை கீழ வைங்க.

வந்துடுச்சு.

போன வாரமே வந்துடுச்சு. என் கைப்பையில இருக்கு. காலையில கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன், பால்வாடி புள்ள மாதிரி. ரெண்டு ஸ்குரூ, ஒரு வயரு, அஞ்சு நிமிஷ வேலை. போட்டுட்டா நீங்க கிளம்பிடுவீங்க.

போகாதீங்கன்னு நான் சொல்லல. அத சொல்றதுக்கு உங்க புள்ள இருக்கார். நீங்க போகணும். ஆனா நான் கடையில இருந்து வந்து செருப்ப கழட்டறதுக்குள்ள, இன்னிக்கு எந்த மிஷினுக்கு உயிர் வந்துச்சுன்னு இந்த வீட்டுல யாரு கேப்பா? அவர்கிட்ட சொன்னா, அப்படியாங்கறார், டிவி பக்கம் திரும்பிக்கிட்டே.

அவ்வளவுதான். என் பைய எடுத்து இங்க குடுங்க. ஆமா, அந்த டப்பாதான்.

எதுக்கு என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? கொஞ்சம் நகருங்க அத்தை, வெளிச்சத்த மறைக்கறீங்க.