துளசிங்கம் சார் வாசித்த தெலுங்கு

— முப்பது வாத்தியாருங்களும் கை தட்னாங்களே சார்! பயிற்சி குடுத்த மேடம் மட்டும்தான் தட்டல. நோட்டுல என்னமோ எழுதிகினாங்க.

— மெதுவா பேசு சௌமியா. பஸ்ல மலைக்கு மொட்ட போட வந்தவங்க பாதி, நம்ம ஆர்.கே.பேட்டைக்காரங்க பாதி. அவங்க புள்ளைங்களுக்கு நான் ஹெட்மாஸ்டர்.

— வாசிப்பு சொல்லித் தர்ற பயிற்சின்னு கூப்ட்டு, தெலுங்கு பேப்பர குடுத்துப் படிங்கன்னா, எல்லாரும் முழிச்சாங்க. நீங்கதான் எழுந்து, நரி கெணத்துல வுழுந்த கதைய மடமடன்னு சொன்னீங்க.

— வெளிய சொல்லாத. எனக்கு தெலுங்கு படிக்கவே தெரியாது.

— வூட்ல தெலுங்குலதான சார் பேசறீங்க?

— வாய்க்குத்தான் தெலுங்கு. கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அந்த மேடம், "உங்க வூட்டு பாஷதான, நீங்க ஆரம்பிங்க"ன்னுட்டாங்க. முப்பத்தோரு வருஷ சர்வீஸு. தெரியலன்னு எந்த வாயால சொல்றது?

— அப்ப அந்தக் கதை?

— மேல நரி படம், பக்கத்துல கெணறு. மீதிய நானே உட்டேன். வெரல வரிவரியா நகத்திகினு, நடுவுல கண்ணாடிய தொடச்சிகினு... பெரிய பண்டிதன்!

— அப்புறம் எழுந்தவங்களும் அதே நரிய அதே கெணத்துல தள்ளினாங்களே சார்!

— அவங்க என்னைப் பாத்து படிச்சாங்க. நான் யார மாதிரி படிச்சேன் தெரியுமா? நம்ம மூணாங்கிளாஸ் பார்கவி மாதிரி.

— அந்தப் பொண்ணா?

— ஆங். படத்தப் பாத்து, பக்கத்துப் பொண்ணு வாயப் பாத்து, வெரல நகத்திகினே ஒப்பிச்சிடும். நேத்து கையும் களவுமா புடிச்சேன். ஏமாத்தறியான்னு முட்டி போட வச்சேன். அதோட உட்டனா? இதுக்கு படிப்பு ஏறாதுன்னு அவ நைனாவுக்கு சீட்டு எழுதி அனுப்பினேன்.

— அவரு இன்னா சொன்னாரு?

— இன்னிக்குக் காலைல போன் பண்ணி, நாளைலேருந்து தறி வேலைக்கு உட்டுக்கிறேன்னாரு. எனக்கு நன்றி வேற சொல்றாரு சௌமியா.

— எறங்கினதும் போய்ப் பேசலாம் சார். அவங்க வூடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான்.

— போய் இன்னான்னு சொல்றது? உம்பொண்ணு பண்ண அதே திருட்டுத்தனத்த நானும் பண்ணேன், எனக்கு கை தட்னாங்கன்னா?

— அதையே சொல்லுங்க.

— சொல்லித்தான் ஆவணும். அந்தப் பொண்ண நானே பக்கத்துல ஒக்கார வச்சி, அ, ஆவுலேருந்து சொல்லித் தரேன்னு கேட்டுப் பாக்கறேன். திட்டினா வாங்கிக்கிறேன்... ஆமா, உங்கம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் நகரிக்காரங்களாச்சே, உனக்கு தெலுங்கு எழுத்து தெரியுமா?

— தெரியும் சார். அஞ்சாவது வரைக்கும் அங்கதான் படிச்சேன்.

— அடிப்பாவி! ஏன் வாயத் தொறக்கல?

— நீங்க ஹெட்மாஸ்டர். நான் வேலைக்கு வந்து ஆறு மாசம். நரி பாதி கெணத்துல தொங்கறப்ப எப்டி சார் குறுக்க பேசறது?

— சரி, சொல்லித் தொல. அதுல இன்னாதான் எழுதியிருந்துச்சு?

— "இதைப் படிக்கத் தெரியலன்னா கை தூக்குங்க. இங்க யாரும் திட்ட மாட்டாங்க."